ஆத்தூர் அருகே

வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல் செல்லும் பேருந்தில் அமர்ந்தால், செம்பட்டி வரும்வரை இடப்புறம் பழனி மலைத்தொடர் நம்மோடு கூடவே வருகிறது. வலப்புறம் தொலைவில் சிறுமலை. மழைக்காலத்துக் காலை வேளைகளில் முகில் இறங்கி மலையின் பாதியை மறைத்துக்கொள்ளும். கோடையில் மலை சற்று விலகிப் போய் நிற்பதுபோல் வெளிறித் தோன்றும். இவற்றைத் தலைநிமிர்ந்து பார்ப்போர் நம் மக்களுள் மிகச் சிலரே. குறை சொல்வதற்கில்லை. கொடிக்காலுக்கும் வாழைத் தோட்டத்துக்கும் விடியுமுன் செல்கிறவனுக்கு மலை என்பது மழை வருமா வராதா என்று சொல்லும் அடையாளம். மற்றபடி அது தன்பாட்டுக்கு அங்கே இருக்கிறது. கொடைக்கானலுக்குப் போகும் வெளியூரார்தாம் வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுக்கின்றனர்.

இந்த மலையடிவாரத்தில் நின்று, நிதானித்துப் பார்த்து, பார்த்ததைத் தாளில் இறக்கி, கடல் கடந்து கொண்டுசென்று, செப்புத் தகட்டில் பொறித்து அச்சிட்டுக் காட்டிய ஓவியர் இருவர் உண்டு. அவர்கள் வந்தது 1792-ஆம் ஆண்டில். படத்தின் பெயர் 'திண்டுக்கல் சீமையில் ஆத்தூர் அருகே' என்னும் பொருள்பட அமைந்தது. சேலத்துக்கு அருகில் உள்ள ஆத்தூர் அன்று. சீமையின் பெயரைத் தலைப்பிலேயே தந்துவிட்டமையால் ஐயத்துக்கு இடமில்லை. செம்பட்டியை அடுத்த நம் ஆத்தூர்தான். இன்று திண்டுக்கல் நகருக்குக் குடிநீர் தரும் காமராசர் நீர்த்தேக்கம் அங்கேதான் இருக்கிறது. அவர்கள் வந்தபோது அந்த அணை இல்லை. குடகனாறு தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. மலை மட்டும் அதே மலை.

மூத்தவர் தாமஸ் டேனியல். இளையவர் அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியல். விவிலியத்துத் தானியேலின் பெயரே குடும்பப் பெயராயிற்று. தாமஸ் 1749-இல் இலண்டனுக்கு அருகே தேம்சு ஆற்றங்கரையில் பிறந்தவர். எளிய குடும்பம். முதலில் கொத்தனார் வேலை பழகினார். பின்னர்க் குதிரை வண்டிகளுக்கு வண்ணம் பூசுகிறவரிடம் தொழில் கற்றார். அந்நாளில் செல்வந்தர் வண்டிக் கதவுகளில் குலச் சின்னமும் பூக்கொத்தும் வரைந்து கொடுப்பது நல்ல தொழில். அங்கிருந்துதான் அவர் அரச கலைக்கழகத்தின் பள்ளிக்குச் சென்றார். வில்லியம் 1769-இல் பிறந்தவர். அவருடைய தந்தை தேம்சு கரையில் சத்திரம் ஒன்றை நடத்தியவர். 1779-இல் அவர் இறந்துபோக, பத்து வயதுச் சிறுவனைச் சிறிய தந்தையே ஏற்றுக்கொண்டார். தாமஸ் மணம் செய்துகொள்ளவில்லை. அவருக்குப் பிள்ளையும் சீடனும் உதவியாளனும் எல்லாம் அந்தச் சிறுவன்தான்.

இலண்டனில் நிலக்காட்சி வரைவோர் மிகுந்திருந்தனர், வாங்குவோர் குறைந்திருந்தனர். எனவே கிழக்கிந்தியக் கம்பெனியிடம் அனுமதி பெற்று, 1785 ஏப்ரலில் இருவரும் கப்பலேறினர். வில்லியமுக்கு அப்போது பதினாறு வயதுகூட நிறைவு பெற்றிருக்குமோ என்னவோ! சீனம் வழியாகச் சுற்றி, 1786-இல் கல்கத்தாவை அடைந்தனர். அந்நகரின் காட்சிகள் பன்னிரண்டை அச்சிட்டு விற்றனர். அதற்குப் பட்ட பாடு கொஞ்சமன்று. ஓவியனும் தானே, பொறிப்பவனும் தானே, செம்புக் கன்னானும் தானே, அச்சகத்துக் கூலியாளும் தானே என்று ஆகிவிட்டதாகத் தாமஸ் நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

கிடைத்த வருவாயைக் கொண்டு 1788-இல் கங்கையின் வழியே வடக்கே புறப்பட்டனர். மூன்று ஆண்டுகள் நீண்ட பயணம் அது. ஆக்ராவும் தில்லியும் கண்டு, இமயத்தின் கார்வால் நாட்டுச் சிறீநகர்வரை ஏறினர். போகும் இடமெங்கும் ஒரு பழக்கம் வைத்திருந்தனர். அவர்களுக்குச் சில ஆண்டுகள் முன்பு வந்துபோன வில்லியம் ஹாட்ஜஸ் என்னும் ஓவியரின் அச்சுப் படங்களைக் கையோடு எடுத்துச் சென்று, அவர் வரைந்த அதே இடத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்த்தனர். ஹாட்ஜசின் கோபுரம் உண்மைக் கோபுரத்தைவிட ஒல்லியாக இருந்தால், அதைக் குறித்துக்கொண்டனர். தங்கள் கைக்கு அளவு தவறாதிருக்க, கண்ணாடி வில்லை பொருத்திய இருட்டுப் பெட்டி ஒன்றையும் சுமந்து திரிந்தனர். காட்சியின் நிழலை அது தாளின்மேல் விழச் செய்யும். அதன் கோடுகளைப் பென்சிலால் பின்பற்றி வரையலாம். நிழற்படக் கருவியின் பாட்டன் என்று அதைச் சொல்லலாம்.

இந்த வடநாட்டுக் கதையை நீட்டுவது நம் நோக்கமன்று. நமக்கு வேண்டியது தெற்கு.

1792 மார்ச்சில் அவர்கள் சென்னையில் இறங்கினர். அதே மார்ச்சில்தான் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கும் கம்பெனிக்கும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்படி பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனியின் கைக்கு மாறின. திண்டுக்கல் கோட்டையை அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1790-இல், கம்பெனிப் படை பிடித்துவிட்டிருந்தது. போரின் செய்திகளை இலண்டன் மக்கள் ஆவலோடு படித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஊர்கள் எப்படி இருக்கும், அந்த மலைக்கோட்டைகள் எப்படி இருக்கும் என்று அறிய விரும்புவோர் மிகுந்திருந்தனர். ஓவியர்கள் அதை அறியாதவர்கள் அல்லர். படை சென்ற வழியையே பெரும்பாலும் பின்பற்றி, ஏப்ரலில் சென்னையைவிட்டுக் கிளம்பினர். பெங்களூர், ஓசூர், இராயக்கோட்டை, வீரபத்திர துர்க்கம் என்று மலைக்கோட்டைகளை வரைந்துகொண்டே வந்து, திண்டுக்கல் சீமைக்குள் நுழைந்தனர். இங்கிருந்து மதுரை, பின்னர் நெல்லைச் சீமை. பாபநாசத்து அருவியையும், களக்காட்டின் பக்கம் நின்று குமரிமுனை நோக்கி இறங்கும் மலையையும் வரைந்தனர். திருச்சியும் தஞ்சையும் மாமல்லபுரமும் பார்த்து, ஆண்டின் இறுதியில் சென்னைக்குத் திரும்பினர்.

வத்தலக்குண்டின் பெயர் அவர்களுடைய படத் தலைப்புகளில் இல்லை. நம் ஊரார் சிலருக்கு இதில் சிறிது வருத்தம். ஆயினும் ஆத்தூரில் நின்று பார்த்த கண்ணுக்குத் தெரிந்த தொடர், நம் மஞ்சளாறு பிறக்கும் தொடர்தானே! அன்று அந்த மலையின் உச்சியைப் பற்றி ஐரோப்பியர் அறிந்திருந்தது மிகக் குறைவு. வார்டு என்னும் படை அலுவலர் அளவைப் பணிக்காக ஏறியது 1821-இல். அமெரிக்க மறைபரப்பாளர் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியது 1845-இல். டேனியல்கள் அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனவர்கள்.

நம் பங்கில் ஓர் ஓவியர் இருக்கிறார். ஓவியர் என்று அவரை இப்போது எவரும் அழைப்பதில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாகச் சுவர் விளம்பரமும், கடைப் பலகையும், லாரிகளின் பின்புறத்துத் தாமரையும் எழுதிப் பிழைத்தவர். ஃபிளெக்ஸ் பதாகை வந்தபின் கை ஓய்ந்துவிட்டது. இன்று சரக்கு வேன் ஓட்டுகிறார். திருவிழாவின்போது மட்டும் சப்பரத்துக்கு வண்ணம் தீட்ட வருவார். அதற்குக் கூலி வாங்கமாட்டார். சென்ற திருவிழாவுக்கு முன் வந்திருந்தபோது, கணினியிலிருந்து அச்செடுத்து வைத்திருந்த ஆத்தூர்ப் படத்தை அவரிடம் காட்டினோம். கை நீட்டிய தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கண்ணருகே கொண்டுபோனார். பிறகு சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நேரம் கழித்துத்தான் பேசினார்.

"தூரம் போகப் போக மையைக் குறைச்சுக்கிட்டே போயிருக்கான் பாருங்க சாமி. இவன் மலையை வரையல. நமக்கும் மலைக்கும் நடுவுல இருக்கிற காத்தை வரைஞ்சிருக்கான்."

கலை நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். அந்த அச்சு முறையின் உயிர்நாடியே அதுதான். கோட்டை மட்டும் செதுக்குகிற பழைய முறையில் காற்றை வரைய இயலாது. இந்தப் புதிய முறையில் செப்புத் தகட்டின்மீது பிசினை மாவாகப் பொடித்துத் தூவிச் சூடுகாட்டி ஒட்டவைப்பர். பின்னர்த் தகட்டைத் திராவகத்தில் இடுவர். பொடியின் துகள்களுக்கு இடையே உள்ள வெற்றிடங்களைத் திராவகம் அரிக்கும். குறைந்த நேரம் அரித்தால் மெல்லிய சாயல். நீண்ட நேரம் அரித்தால் கருமை. வெளிறலாக நிற்கவேண்டிய தொலைமலையை முதலில் மெழுகு போன்ற பூச்சால் மூடிக் காப்பாற்றிவிட்டு, அருகில் உள்ள மரத்தையும் பாறையையும் மீண்டும் மீண்டும் திராவகத்தில் இடவேண்டும். ஒரு கணம் தவறினால் தகடு வீண். இவ்வாறு அச்சிட்ட தாளின்மீது, ஒவ்வொரு படிக்கும் தனித்தனியே, கையால் நீர்வண்ணம் தீட்டுவர்.

இருவரும் 1794-இல் இங்கிலாந்து திரும்பியபோது, இந்த முறையில் கைதேறவேண்டிய பொறுப்பு வில்லியம்மீது விழுந்தது. ஏழு ஆண்டுகள், காலை ஆறு மணி முதல் நள்ளிரவுவரை அவர் தகடுகளின்மேல் குனிந்திருந்தார் என்று சொல்லப்படுகிறது. 1795 முதல் 1808 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அந்தத் தொகுப்பின் பெயர் 'கீழ்த்திசைக் காட்சிகள்'. மொத்தம் 144 படங்கள். முழுத் தொகுப்பின் விலை 210 பவுன். பதினாறு வயதில் புறப்பட்ட பிள்ளை நாற்பதை நெருங்கியிருந்தார்.

நம் ஓவியர் படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்று கேட்டார்: "இவங்களுக்கு யாரு சாமி கூலி குடுத்தது?"

தொழில் இழந்தவன் கேட்கும் முதல் கேள்வி அது. பதில் சுவையானது. அவர்களுக்கு அரசனும் கூலி தரவில்லை, கம்பெனியும் தரவில்லை. குலுக்கல் சீட்டுதான் தந்தது. வடநாட்டுப் பயணத்தில் வரைந்தவற்றைக் கல்கத்தாவில் சீட்டுக் குலுக்கலில் விற்றுத் தென்னாட்டுப் பயணத்துக்குப் பணம் திரட்டினர். தென்னாட்டில் வரைந்தவற்றைச் சென்னையில் அவ்வாறே குலுக்கலில் விட்டுப் பம்பாய்க்குப் போனர். சீட்டு விழுந்தவனுக்குப் படம், விழாதவனுக்கு ஆசை. இதைக் கேட்டு அவர் சிரித்தார். "அப்ப நம்மள மாதிரிதான்" என்றார். கோயில் திருவிழாக்களில் குலுக்கல் சீட்டு விற்கும் நம் பங்குப்பேரவையினரும் உடனிருந்து சிரித்தனர்.

ஆனால் இன்னொரு கேள்வியையும் அவர் கேட்டார். அதற்குச் சிரிப்பு வரவில்லை. "இம்புட்டுப் பெட்டியும் தட்டுமுட்டும் யாரு தூக்கிட்டு வந்தா?"

தென்னாட்டுப் பயணத்தில் இரு பல்லக்குகள் இருந்தன. தூக்குவோர், மாற்றாள்கள், மாட்டு வண்டிக்காரர், சமையற்காரர், கூலியாள்கள் என்று ஏறக்குறைய ஐம்பது பேர் உடன் நடந்தனர். பாராமகாலின் பாறை வழியிலும், ஆத்தூரின் மலையடிவாரத்திலும், களக்காட்டின் வெயிலிலும் அவர்கள்தாம் நடந்தனர். அச்சிட்ட தாளின் அடியில் வரைந்தவர் பெயர் இருக்கிறது. பொறித்தவர் பெயர் இருக்கிறது. வெளியிட்ட நாளும் இருக்கிறது. தூக்கியவர் பெயர் எங்கும் இல்லை. படத்துக்குள் மனிதர் வரும்போதும், மரத்தின் பெருமையையும் மலையின் உயரத்தையும் கண்ணுக்கு அளந்து காட்டும் சிற்றுருவங்களாகவே அவர்கள் பெரும்பாலும் வருகின்றனர். பார்த்த கண் பொய் சொல்லவில்லை. ஆனால் எதைப் பார்ப்பது என்பதைக் கண் மட்டும் முடிவு செய்வதில்லை போலும்.

இதில் நமக்கு உறுத்தல் உண்டு. நம் மதுரை மறைப்பணித் தளத்து இயேசு சபையார் தம் தலைவர்களுக்கு எழுதிய மடல்களைக் குருமடத்தில் பயிலும் காலத்தில் நாம் படித்திருக்கிறோம். அவற்றில் மலையின் அழகு அரிது. காற்றும் ஒளியும் மிக அரிது. பஞ்சமும் போரும், திருமுழுக்குப் பெற்றவர்களும், சிறைப்பட்டவர்களும், வழியில் மடிந்தவர்களும் பக்கம் பக்கமாக வருகின்றனர். அவர்கள் பார்த்தது மனிதரை. நாட்டை அவ்வளவாகப் பார்க்கவில்லை. டேனியல்கள் நாட்டைப் பார்த்தனர். மனிதரை அவ்வளவாகப் பார்க்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவனுக்குத்தான் அந்தக் காலத்துத் திண்டுக்கல் சீமை ஓரளவு முழுமையாகத் தெரியும்.

ஆண்டுக்கணக்கையும் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். திண்டுக்கல் சீமையில் 1792-இல் கம்பெனியின் வரி தொடங்கியது. பாளையக்காரரின் சினம் மூண்டது. விருப்பாச்சி கோபால் நாயக்கர் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டது 1801-இல். ஆத்தூர்க் காட்சி இலண்டனில் அச்சாகி வெளிவந்தபோது அவர் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. படத்தை வாங்கி மாளிகையில் மாட்டியவர்களுக்கு அமைதியான மலையும் மரமும் தெரிந்தன. வேறொன்றும் தெரியவில்லை. ஆங்கிலச் சீமையில் செசின்கோட் என்னும் ஊரில் ஒரு செல்வர் இந்தியப் பாணியில் மாளிகை எழுப்பியபோது, தோட்டத்துக்குத் தாமசே யோசனை சொன்னார். அங்கே ஒரு பாலத்தின்மேல் சிறு நந்திகள் இன்றும் படுத்திருக்கின்றன. தஞ்சைப் பெருங்கோயிலின் மாபெரும் நந்தியை நேரில் நின்று வரைந்தவர் அவர். கடைசியில் அது தோட்டத்துப் பொம்மையாகச் சுருங்கியதை நினைத்தால் நமக்குச் சிரிப்பும் வருகிறது, ஏக்கமும் வருகிறது.

ஆனாலும் வில்லியமை இதோடு விட்டுவிடுவது நீதியன்று. அவருடைய பெரும்பணி பின்னால்தான் வந்தது. 1813-இல், நாற்பத்துநான்கு வயதில், தம் சொந்த நாட்டின் கடற்கரை முழுவதையும் சுற்றி வரைவது என்று முடிவு செய்தார். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் தொடங்கி, வேல்சு, ஸ்காட்லாந்து என்று கரையோரமாகவே சென்று, 1823-இல் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர்ந்தார். பத்து ஆண்டுகள், 308 படங்கள், எட்டுத் தொகுதிகள். கலங்கரை விளக்கங்களும் மீனவர் குப்பங்களும் பாறைக் குகைகளும் அவற்றில் உள்ளன. கடலை அவர் வரைந்த விதத்தில், இந்திய மலைகளில் கற்ற அதே காற்று இருக்கிறது. மலைக்குப் பதில் அலை, அவ்வளவே.

முதல் இரு தொகுதிகளுக்கு உரை எழுதியவர் உடன் பயணம் செய்த ரிச்சர்டு அய்ட்டன் என்னும் இளைஞர். அவர் ஒயிட்ஹேவன் என்னும் துறைமுக நகரில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கினார். அந்த இருட்டில் பெண்களும் சிறு பிள்ளைகளும் உழைப்பதைக் கண்டு, கண்டதை ஒளிக்காமல் எழுதினார். அதே நகரை வில்லியம் வரைந்தார். துறைமுகம், கப்பல், நகரம், வானம். அழகான படம். ஒரே நூலில், ஒரே நகரம், ஒருவர் மேலே நின்று பார்த்தார், மற்றவர் கீழே இறங்கிப் பார்த்தார். விரைவில் அந்தக் கூட்டு முறிந்தது. மூன்றாம் தொகுதியிலிருந்து உரையையும் வில்லியமே எழுதினார். அவர் உரை அடக்கமானது, செய்தி நிறைந்தது, சுரங்கத்துக்குள் இறங்காதது. நமக்கு அந்த முதல் இரு தொகுதிகள்மேல்தான் மதிப்பு அதிகம். படமும் எழுத்தும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் நிற்கும் நூல் அரிது.

இத்தகைய ஓவியர்கள் அந்த நூற்றாண்டில் கடலுக்கு அப்பாலும் இருந்தனர். அமெரிக்காவில் ஃபிட்ஸ் ஹென்றி லேன் என்பவர் சிறு வயதிலேயே கால்கள் செயலிழந்தவர். போஸ்டன் நகரில் கல்லச்சுத் தொழிலில் தொடங்கி, தம் சொந்தத் துறைமுகமான குளோஸ்டரின் கடலைத் தீட்டியே புகழ்பெற்றார். நடக்க இயலாதவர் ஒரே துறைமுகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்; வில்லியம் நடந்துகொண்டே இருந்தார். யாருடைய கடல் ஆழமானது என்று வழக்காடுவது வீண்.

வில்லியம் 1822-இல் அரச கலைக்கழகத்தின் முழு உறுப்பினரானார். இன்று உலகமே கொண்டாடும் கான்ஸ்டபிள் அந்தப் பதவிக்கு 1829 வரை காத்திருக்க நேர்ந்தது. இதனால் கலை வரலாற்றாசிரியர் சிலர் வில்லியம்மீது இன்றும் சற்றே முகம் சுளிக்கின்றனர். கான்ஸ்டபிள் பெரிய ஓவியர் என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால் கான்ஸ்டபிள் ஆத்தூருக்கு வரவில்லையே!

அவருடைய தம்பி சாமுவேலும் ஓவியர். தென்னாப்பிரிக்காவில் திரிந்துவிட்டு இலங்கைக்கு வந்தவர். காடுகளில் தங்கி யானைகளையும் மான்களையும் வரைந்தவர். அந்தக் காட்டிலேயே காய்ச்சல் கண்டு 1811-இல் இறந்தார், வயது முப்பத்தாறு. அவர் விட்டுச்சென்ற தென்னாப்பிரிக்கச் சித்திரங்களை எடுத்து, ஒவ்வொன்றாகப் பொறித்து, 1820-இல் தம்பியின் பெயரிலேயே வெளியிட்டவர் வில்லியம். பிறர் கண்டதைப் பொறுமையோடு தகட்டில் ஏற்றுவது, சிறுவயது முதல் அவருக்குக் கைவந்த பணி. சிற்றப்பாவுக்குச் செய்ததைத் தம்பிக்கும் செய்தார்.

அவர் மீண்டும் இந்தியா வரவில்லை. ஆயினும் கடைசி ஆண்டுகளில் அவருடைய நெஞ்சு தமிழகக் கரைக்கே திரும்பியதுபோல் தெரிகிறது. 1832-இல் மற்றோர் ஓவியரோடு சேர்ந்து, சென்னை நகரைச் சுற்றுக்காட்சியாக, பார்ப்பவர் நடுவே நின்று நாற்புறமும் காணும்படி, பெருந்திரையில் தீட்டினார். மறு ஆண்டு சென்னைக் கடலை வரைந்தார். வங்கக் கடலில் சூறை ஓய்ந்து விலகும் வேளை. சென்னைக்கு அன்று துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிடும். இடையில் மூன்று வரிசை அலை. அந்த அலையில் ஆணி அடித்த படகு நிற்காது, உடைந்துபோகும். கயிற்றால் பலகைகளை இணைத்துத் தைத்த மசூலாப் படகுகள் மட்டுமே வளைந்துகொடுத்துத் தாங்கும். பக்கத்தில் கட்டுமரக்காரர் காவலாக வருவர். எவரேனும் தவறி விழுந்தால் பாய்ந்து எடுப்பர். 1792-இல் அவரையும் அவர் சிற்றப்பாவையும் அவர்களுடைய பெட்டிகளையும் கரைசேர்த்தவர்கள் அப்படகுக்காரர்கள்தாம். அந்தக் கடற்கரையில் நம் மறையைத் தழுவிய மீனவர் குடிகள் அன்றே இருந்தன.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கடலைத் தீட்டியபோது அவரிடம் இருந்தவை பென்சிற் குறிப்புகளும் நினைவும். 1834 முதல் ஆண்டுதோறும் வந்த ஒரு மலருக்கும் அந்தப் பழைய குறிப்புகளிலிருந்தே படங்கள் தந்தார். இந்தியாவைப் பற்றிய அம்மலரின் உரையை ஹோபர்ட் காண்டர் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு எழுதினார். முதல் மலர் சென்னைக் கரையில் இறங்குவதில்தான் தொடங்குகிறது. தானும் ஓவியரோடு நடந்தவர்போலவே அந்தக் குரு எழுதியிருக்கிறார். பயணம் நடந்த 1792-இல் அவர் ஓவியரோடு நடந்திருக்கவே இயலாது! குருக்கள் எழுதும் கட்டுரைகளை வாசகர் எச்சரிக்கையோடு படிக்கவேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

நம் பங்கின் ஓவியரிடம் அந்தச் சென்னைக் கடலின் படத்தையும் பின்னொரு நாள் காட்டினோம். அலையைப் பார்க்கவில்லை அவர், படகைத்தான் பார்த்தார். துடுப்புப் போடுகிறவர்கள் முகம் தெரியவில்லையே என்றார். அச்சுச் சிறியதாயிருப்பதால் தெரியவில்லை என்றோம். பெரிதாக்கித் தரும்படி கேட்டார். பெரிதாக்கியதில் முகங்கள் தெரியவில்லை; முதுகுகள் தெரிந்தன. "முதுகு சரியா வந்திருக்கு சாமி, பாரம் இழுக்கிற முதுகு" என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளை மடித்து வேனில் வைத்துக்கொண்டார்.

வில்லியம் டேனியல் 1837 ஆகஸ்டில் இலண்டனில் காலமானார். அவரைப் பதினாறாம் வயதில் கப்பலேற்றி அழைத்துவந்த தாமஸ் அப்போதும் உயிரோடிருந்தார். மணமாகாத முதியவர், தூரிகையைக் கீழே வைத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்னும் இரண்டரை ஆண்டுகள் வாழ்ந்து, தொண்ணூறு வயதைக் கடந்து, 1840 மார்ச்சில் கென்சிங்டனில் இறந்தார்.